ஆஸ்பத்திரியில் நின்ற மணித்தியாலங்கள்

மொன்றியலின் மேற்கே கர்க்லாண்டிலும் பக்கத்துப் பியர்பொண்டிலும் ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளியின் கடைசி வகுப்பான செக்கண்டரி ஐந்துக்கு வந்துவிட்டால், தேத்தண்ணி ஆற முன்னமே பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மெடிசினுக்குப் போடுறதெண்டால் ஆஸ்பத்திரியிலை எத்தனை மணித்தியாலம் நிண்டிருக்கவேணும்?" நூறு போதும் என்பார் ஒருவர். ஐந்நூறு இல்லாமல் பார்க்கவே மாட்டார்களாம் என்பார் இன்னொருவர். ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக்குப் போய்வருகிறவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆறுதலாக இருந்து கதைக்கவேண்டிய விஷயம் இது. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஊரில் படித்த நமக்கு இது புதுக் கேள்வி. இலங்கையில் உயர்தரப் பரீட்சை, இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண், 2017 முதல் நீட். இரண்டு இடத்திலும் பிள்ளை வாழ்நாளில் ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்றிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அமெரிக்கா. அங்கே பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஒரே விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அதில் படிப்புக்கு வெளியே செய்த 15 வேலைகள்வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணித்தியாலம் என்று குறிக்கவேண்டும். மிக முக்கியமானவை என்று மூன்றைத் தேர்ந்து விரிவாக எழுதவும் இடம் உண்டு. ஆகவே அங்குள்ள பிள்ளைகள் வைத்தியரின் பின்னால் நடந்து பார்ப்பது, அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியர் சொல்லச் சொல்லக் குறிப்பு எடுப்பது, அம்புலன்சில் வேலை செய்வது என்று மணித்தியாலம் சேர்க்கிறார்கள். நியூ ஜெர்சியிலிருக்கும் மச்சாள் தொலைபேசியில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

கியூபெக்கின் கணக்கு வேறு. இங்கே நான்கு மருத்துவ பீடங்கள்: மக்கில், மொன்றியல் பல்கலைக்கழகம், லவால், ஷெர்புரூக். பின்னைய மூன்றும் பிரெஞ்சில் படிப்பிப்பவை. செக்கண்டரி முடித்த பிள்ளை சீஜெப் என்ற கல்லூரியில் இரண்டு ஆண்டு படிக்கும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் சென்-ஆன்-டெ-பெல்வியூவிலுள்ள ஜோன் அபொட், அல்லது சென்-ஜெனவியேவிலுள்ள ஜெரால்ட்-கொடான். அங்கிருந்தே நேரே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். மக்கிலில் அப்படி வருபவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு நான்கு ஆண்டு. முதல் கதவைத் திறப்பது ஆர் புள்ளி. பாடத்தில் 92 எடுத்தாய் என்பதோடு அது நின்றுவிடாது. வகுப்பின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே நிற்கிறாய், அந்த வகுப்பே எவ்வளவு கெட்டிக்கார வகுப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதவில் ஆஸ்பத்திரி மணித்தியாலத்தால் ஒரு புள்ளிகூட ஏறாது.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு மக்கிலுக்கு விண்ணப்பிப்பவர்களின் நிலை கொஞ்சம் வேறு. அவர்களிடம் தன்விவரமும் தங்களைப் பற்றிய ஒரு எழுத்தும் கேட்பது வழக்கம். நோயாளிகளோடு பழகிய அனுபவத்தை அங்கே எழுதலாம். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் விடிகாலை வேலை செய்ததையும் எழுதலாம். இத்தனை மணித்தியாலம் இருந்தால்தான் தேர்வு என்ற கோடு எதுவும் கிடையாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தந்தப் பீடத்தின் அறிவித்தலை ஒருமுறை ஆற அமர வாசித்துக்கொள்வது நல்லது.

"அப்ப, மினக்கெட்டு நிக்கத் தேவையில்லை?" என்று உடனே கேட்பார்கள். இங்கேதான் இரண்டாவது கதவு வருகிறது: நேர்முகம்.

பழைய நேர்முகம் நமக்குத் தெரிந்ததுதான். மேசைக்கு அந்தப்பக்கம் இரண்டு மூன்று பேர், இந்தப்பக்கம் பிள்ளை. ஏன் மருத்துவம் என்று கேட்பார்கள். பாடமாக்கிய பதில் வரும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதே பிள்ளையை வேறு மூவர் முன் இருத்தினால் வேறு புள்ளி வரும். ஒன்ராறியோவின் ஹமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெவின் ஈவா, ஹரோல்ட் ரைட்டர், ஜெஃப்ரி நோர்மன் முதலானோர் இதை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சூழ்நிலையில் நன்றாக நடந்துகொள்பவர் இன்னொன்றிலும் அப்படியே நடந்துகொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். மனிதர் விஷயத்தில் பத்துச் சோறாவது எடுத்து நசித்துப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மருத்துவ மாணவர்களுக்கு ரொனால்ட் ஹார்டன் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் 1975இல் அறிமுகப்படுத்திய அறை அறையாகப் போகும் செய்முறைப் பரீட்சையை முன்மாதிரியாகக் கொண்டு, சேர்க்கைக்கும் அப்படி ஒன்றை அமைத்தார்கள்.

அது நடக்கும் விதம் இப்படி. வரிசையாகப் பத்து அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள். இரண்டு நிமிடம் வாசிக்கலாம். மணி அடித்தால் உள்ளே போய் எட்டு நிமிடம். மீண்டும் மணி, அடுத்த கதவு. ஒவ்வோர் அறையிலும் புதியதொரு சூழ்நிலை, புதியதொரு மதிப்பீட்டாளர். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையிலிருப்பவருக்கு அது தெரியாது. கனடாவில் மட்டுமல்லாமல் பிரித்தானியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று இந்த முறை பரவிவிட்டது. மக்கிலும் கியூபெக்கின் பிரெஞ்சுப் பீடங்களும் இதைக் கைக்கொண்டவைதான். இப்படித் தெரிவானவர்கள் பின்னாளில் தேசிய உரிமப் பரீட்சையில் எப்படிச் செய்தார்கள் என்று ஈவாவும் கூட்டாளிகளும் 2012இல் ஒரு தொடர் ஆய்வும் வெளியிட்டார்கள். இம்முறையில் தேர்வானவர்களின் புள்ளிகள் கூடியிருந்தன.

இதில் பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்று. அறைக்குள் இருப்பவரின் கையில் பொதுவாக உங்கள் பிள்ளையின் கோப்பு இருக்காது. இருநூறு மணித்தியாலம் நின்றதோ, எந்தப் பெரிய வைத்தியர் கடிதம் கொடுத்ததோ அவருக்குத் தெரியாது. அவர் முன்னால் இருப்பது பிள்ளையின் எட்டு நிமிட நடத்தை மட்டும்.

ஓர் அறையைக் கற்பனை செய்வோம். உள்ளே ஒரு நடிகை, எண்பது வயது மூதாட்டியாக இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து தேறியிருக்கிறார். மகன் முதியோர் இல்லத்தில் விடப் பார்க்கிறார். தாய் வீட்டுக்குத்தான் போவேன் என்கிறார். அவரோடு பேசுங்கள் என்று தாளில் எழுதியிருக்கிறது. புத்தகம் மட்டும் படித்த பிள்ளை நின்றபடியே தொடங்கும்: "உங்கட பாதுகாப்புத்தான் முக்கியம், திரும்பவும் விழுந்தால் என்ன செய்வீங்கள்?" எட்டு நிமிடமும் அந்தப் பிள்ளையே பேசி முடிக்கும். சனிக்கிழமைகளில் சக்கர நாற்காலி தள்ளிப் பழகிய பிள்ளை முதலில் ஒரு கதிரையை இழுத்து, அவரின் கண் மட்டத்துக்கு இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள், காலையில் எழும்பினால் என்ன செய்வார் என்று கேட்கும். பதில் வரத் தாமதித்தால் பொறுத்திருக்கும். முதியவர்கள் பதில் சொல்ல நேரம் எடுக்கும் என்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் விரிவுரையில் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பில் ஊறியிருக்கிறது. மதிப்பீட்டாளர் புள்ளி போடுவது இதற்குத்தான்.

இன்னொரு அறை. பதினைந்து வயதுப் பெண், தான் மருந்தகத்துக்கு வந்தது தாய்க்குத் தெரியக்கூடாது என்கிறாள். கியூபெக் குடியியல் சட்டப்படி, உடல்நிலைக்குத் தேவையான சிகிச்சைக்கு 14 வயதிலிருந்தே பிள்ளை தானாகச் சம்மதிக்கலாம். ஆஸ்பத்திரியில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கவேண்டி வந்தால்தான் பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும். இந்தச் சட்டத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். அந்தப் பெண்ணின் பயத்தை எப்படிக் கையாள்வது என்பதைப் படித்து அறிய முடியாது.

நேர்முகத்தோடு கஸ்பர் என்ற கணினித் தேர்வையும் பல பீடங்கள் கேட்டிருக்கின்றன. இதுவும் மக்மாஸ்டரில் பிறந்ததுதான். ஒரு சிக்கலான சூழ்நிலையைக் காட்டி, நீ என்ன செய்வாய், ஏன் என்று கேட்பார்கள். நேரம் மிகக் குறைவு. அதனால் பாடமாக்கிய பதில் உதவாது. சிந்தித்துப் பழகியவர்களுக்குத்தான் கை ஓடும்.

ஆக, அனுபவம் மூட்டையாகக் கட்டி எடைக்குப் போடும் பொருளாக இங்கே பயன்படுவதில்லை. பிள்ளை பேசும் விதத்திலும் கேட்கும் விதத்திலும் அது தெரியவேண்டும். அப்படியானால் எந்த அனுபவம்?

வைத்தியரின் பின்னால் நடந்து பார்ப்பதைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். வைத்தியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது, எவ்வளவு நேரம் கணினியோடும் படிவங்களோடும் கழிகிறது என்று தெரிந்துகொள்ள அது நல்லது. ஆனால் பிள்ளை அங்கே வெறும் பார்வையாளர். இரண்டு மூன்று நாள் பார்த்தால் போதும். அதோடு, குடும்பத்தில் ஒரு வைத்தியர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த வாய்ப்பு இலகுவாகக் கிடைக்கும். நேற்று வந்திறங்கிய அகதிக் குடும்பத்துப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? அதனால் அதைக் கட்டாயமாக்குவது நியாயமா என்ற கேள்வி சேர்க்கை பற்றிய விவாதங்களில் எப்போதும் உண்டு.

நாற்பதாம் நெடுஞ்சாலையோரம் கர்க்லாண்டில் பைசர் கனடாவும் மேர்க் கனடாவும் தலைமையகம் வைத்திருக்கின்றன. மருந்து நிறுவனத்தில் கோடைகால வேலை கிடைத்தால் போகட்டும். நல்ல வேலை, நல்ல கல்வி. நோயாளியோடு பழகிய அனுபவம் என்று மட்டும் அதை எழுதக்கூடாது. மருந்தை அறிவது ஒன்று, அதை விழுங்க மறுக்கும் மனிதரை அறிவது இன்னொன்று.

தொண்டு வேலை அடுத்தது. பொயிண்ட் கிளேரிலுள்ள லேக்ஷோர் ஜெனரல் 1965இல் திறந்த ஆஸ்பத்திரி. நம்மில் பலரின் பிள்ளைகள் பிறந்த இடம். இப்படியான இடங்களில் தொண்டர்கள் வழி காட்டுவார்கள், நாற்காலி தள்ளுவார்கள், தனியே இருப்பவரோடு கதைப்பார்கள். பெற்றோருக்கு இது அற்ப வேலையாகத் தெரியும். "இதுக்கே என்ரை பிள்ளையை விட்டனான்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். ஆம், இதற்குத்தான். யாரும் மதிக்காத வேலையைச் செய்யும்போது ஆஸ்பத்திரியை அடியிலிருந்து பார்க்கலாம். தாதியிடம் வைத்தியர் எப்படிப் பேசுகிறார், துப்புரவு செய்பவரின் பெயர் யாருக்குத் தெரிகிறது, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியாத நோயாளி எவ்வளவு நேரம் புரியாமல் தலையாட்டுகிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் கண்ணில் படும்.

சம்பளத்துக்குச் செய்யும் வேலையும் உண்டு. இங்கே பிரெப்போசே என்று சொல்லும் பராமரிப்பு உதவியாளர் வேலை: குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்பது. 2020 வசந்தத்தில் கோவிட் கியூபெக்கின் முதியோர் பராமரிப்பு இல்லங்களை எப்படிச் சூறையாடியது என்பதை வெஸ்ட் ஐலண்ட்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். அப்படிச் சூறையாடப்பட்ட ஹெரோன் இல்லம் இருந்த டோர்வால் நமக்குப் பக்கத்து ஊர். பல இல்லங்களுக்கு இராணுவம் வந்தது. அந்தக் கோடையில் மாகாண அரசு 10,000 பேரை மூன்று மாதத்தில் பயிற்றிப் பராமரிப்பு உதவியாளர்களாக்கத் திட்டமிட்டது. அந்த வேலையைச் செய்து பார்த்த ஒருவரிடம் "மருத்துவம் சேவை" என்ற வாய்ப்பாடு வராது. முதுகு நோவும் பேச்சில் வரும், அதற்குப் பிறகும் ஏன் திரும்பிப் போனேன் என்பதும் வரும்.

நமது வீடுகளிலேயே கிடக்கிற ஓர் அனுபவத்தைப் பிள்ளைகள் அனுபவமென்றே எண்ணுவதில்லை. அம்மம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போய், பன்னிரண்டு வயதிலிருந்தே மொழிபெயர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! இரத்தத்தில் சீனியின் அளவை எழுதி வைத்தவர்கள், மருந்துப் பெட்டியில் காலை, மத்தியானம், இரவு என்று பிரித்துப் போட்டவர்கள். வைத்தியர் புற்றுநோய் என்று சொல்ல, "அம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை" என்று மாமா சைகை காட்ட, நடுவில் நின்று தவித்த பிள்ளைக்கு, நோயாளியிடம் உண்மை சொல்வது பற்றிய அறை புதிதாக இருக்காது. நோயாளிக்குத் தன் நோயை அறியும் உரிமை உண்டு. குடும்பத்தின் அச்சத்திலும் அன்பு உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் மதித்துப் பேசத் தெரிந்த பிள்ளை, எந்த வைத்தியரின் பின்னாலும் நடக்காமலே அதைக் கற்றிருக்கிறது.

இனி, கர்க்லாண்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் இடம். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்று 2002இல் இங்கே தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான தெரேசா டெல்லரின் பெயரை இப்போது அது தாங்கி நிற்கிறது. அவர் சமூகப் பணியாளர், 2019இல் காலமானார். இப்போது 23 படுக்கைகள். தொண்டர்களும் நன்கொடையும் இல்லாமல் இந்த மாதிரி இல்லம் ஓடாது. மருத்துவம் என்றால் குணமாக்குவது என்று மட்டும் நினைக்கும் பிள்ளைக்கு இங்கே கற்க நிறைய உண்டு. இங்கே எவரும் குணமாகிப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் செய்ய வேலை இருக்கிறது.

இந்த இல்லத்தின் வேரைத் தேடினால் நம் கேள்விக்கே பதில் கிடைக்கும். மொன்றியலின் றோயல் விக்ரோரியா ஆஸ்பத்திரியில் சிறுநீரக அறுவை நிபுணராக இருந்த பல்ஃபர் மவுண்ட், 1973இல் இலண்டனுக்குப் போய் சிசிலி சோண்டர்ஸ் நடத்திய சென் கிறிஸ்தோபர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1975இல் இங்கே இறுதிக்காலப் பராமரிப்புக்கென ஒரு பிரிவைத் திறந்தார். அந்த சோண்டர்ஸ் எப்படி வைத்தியரானார் தெரியுமா? முதலில் தாதி. முதுகு நோவால் அந்த வேலையை விடவேண்டி வந்தது. பிறகு ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். மாலை நேரங்களில் சென் லூக்ஸ் என்ற இல்லத்தில், சாகப்போகிறவர்களோடு தொண்டு. இவர்களுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று தவித்தபோது, நோர்மன் பரட் என்ற அறுவை நிபுணர் போய் மருத்துவம் படி என்றார். வைத்தியர்கள்தான் இந்த நோயாளிகளைக் கைவிடுகிறார்கள், ஒரு வைத்தியர் சொன்னால்தான் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். 1951இல், 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1957இல் வைத்தியரானார். 1967இல் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார்.

அவர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போதே நோயாளிகளிடமிருந்து எடுத்துவந்த ஒரு கேள்வி அவரிடம் இருந்தது: இவர்களின் வலியை ஏன் முழுதாகத் தீர்க்க முடியவில்லை? மணித்தியாலம் சேர்ப்பவருக்கும் அனுபவம் பெறுபவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அனுபவம் பெற்றவரிடம் ஒரு கேள்வி இருக்கும். "ஏன் மருத்துவம்?" என்று அறையில் கேட்டால், "சின்ன வயதிலிருந்தே ஆசை" என்று தொடங்கவேண்டி வராது. கண்டதைச் சொல்லி, அது தன்னை எங்கே உறுத்தியது என்று சொல்லலாம்.

உங்கள் பிள்ளைக்கும் இது வரவேண்டுமானால், ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். எது ஆச்சரியமாக இருந்தது, எங்கே கோபம் வந்தது, எங்கே கை கட்டி நின்றேன், இன்னொரு முறை வந்தால் என்ன செய்வேன் என்று எழுதட்டும். ஓராண்டுக்குப் பிறகு வாசித்துப் பார்த்தால், நேர்முகத்துக்கென்று தனியாக ஆயத்தம் செய்யவேண்டியதில் பாதி அதிலேயே முடிந்திருக்கும். நோயாளியின் கதையைச் சொல்லும்போது இரகசியம் காப்பது எப்படி என்றும் அந்தக் கொப்பியிலேயே பழகிவிடும். நேர்முகத்தில் கதையை ருசிகரமாக்க நோயாளியின் ஊரையும் வேலையையும் சொல்லிவிடும் பிள்ளை, அந்த இடத்திலேயே புள்ளியை இழக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய், உறவினரின் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவைக் கூடத்துக்குள் நின்றேன், ஒரு தையலும் போட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கனடாவில் செய்ய அனுமதியில்லாத ஒன்றை யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ ஓர் ஏழை நோயாளியின் உடம்பில் செய்வது சாதனை ஆகாது. பயிற்சியில்லாத மாணவர் வெளிநாட்டில் சிகிச்சை செய்யக்கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அறைக்குள் இதைச் சொன்னால், எல்லை தெரியாத பிள்ளை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். "இதைச் செய்யச் சொன்னார்கள், எனக்குத் தகுதியில்லை என்று மறுத்தேன்" என்பது எவ்வளவோ மேலான பதில்.

பிரெஞ்சையும் விட்டுவிடக்கூடாது. மக்கிலில் ஆங்கிலத்தில் படித்தாலும் கட்டிலில் கிடப்பவர் பிரெஞ்சில்தான் நோவைச் சொல்வார். தொண்டு வேலைக்குப் போகும் பிள்ளை வாரத்தில் ஒரு மாலை முழுக்க பிரெஞ்சில் கதைக்க நேர்ந்தால், அந்த வகுப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை.

"எப்ப தொடங்கிறது?" என்று கேட்டால், சீஜெப்பின் முதல் ஆண்டில், வாரத்தில் ஒரு மாலை. ஆர் புள்ளியைத் தின்னாத அளவு. நான்கு இடத்தில் ஒவ்வொரு மாதம் நிற்பதைவிட ஒரே இடத்தில் இரண்டு ஆண்டு நிற்பது நல்லது. ஒரே கட்டிலருகே திரும்பத் திரும்பப் போனால்தான் மனிதர் பழக்கமாவார், முதல் நாள் பரிதாபம் தீர்ந்தபின் தன்னிடம் என்ன மிஞ்சுகிறது என்பதும் தெரியவரும்.

ஆறு மாதம் போனபின் சில பிள்ளைகள் வந்து, "எனக்கு இது சரிவராது, இரத்தத்தைவிட மனுசரின்ரை அழுகைதான் தாங்க ஏலாமல் கிடக்கு" என்பார்கள். அப்போது பெற்றோரின் முகம் விழுந்துவிடும். விழவேண்டியதில்லை. பத்து அறைகளையும் தாண்டி, கடன்பட்டுப் படித்து, முப்பது வயதில் அதைக் கண்டுபிடிப்பதைவிட பதினெட்டு வயதில் ஒரு சக்கர நாற்காலியின் பின்னால் நின்று கண்டுபிடிப்பது குடும்பத்துக்கும் இலாபம், வருங்கால நோயாளிகளுக்கும் இலாபம். தொடர்ந்து போக விரும்பும் பிள்ளையோ, இத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்று எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருக்கும். பெற்றோரும் நிறுத்திக்கொள்ளலாம்.